எங்க அம்மா செக்கிங்

இந்தக் குறிப்புகளை எழுதும் நோட்டு, ஒரு பனியன் கம்பெனி தன் ஆட்களுக்குக் கொடுத்த பழைய டைரி. பெற்றோர் ஒருவர் பொங்கல் சமயத்தில் கொண்டுவந்து நீட்டினார். பக்கத்துக்குப் பக்கம் மேலே ஆர்டர் நம்பர், ஸ்டைல், கலர், சைஸ், பீஸ் என்று கட்டம். ஸ்டைல் கட்டத்தில் 'காலங்கள்' என்றும் சைஸ் கட்டத்தில் 'ஆறாம் வகுப்பு' என்றும் எழுதிக்கொள்கிறேன். பீஸ் கட்டம் காலியாகவே கிடக்கிறது.

*

ஆறு முதல் பத்து வரை ஐந்து வகுப்புக்கும் ஆங்கிலத்துக்கு ஒரே திட்டம் போட வேண்டும். எது எந்த வகுப்பில் தொடங்குகிறது, எங்கே முடிகிறது, ஒரு வகுப்பு அடுத்த வகுப்புக்கு எதைக் கைமாற்றுகிறது. "பாடப்புத்தகம் இருக்குதுங்களே டீச்சர், அப்பறம் எதுக்குங் திட்டம்?" என்று பக்கத்து மேசைக் கணக்கு சார் கேட்டார். நியாயமான கேள்விதான். 2018இல் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்கும் மறு வருஷம் மற்ற வகுப்புகளுக்கும் புதுப் புத்தகங்கள் வந்தன. வண்ணப்படம், கியூஆர் கோடு எல்லாம் உண்டு. ஆனால் ஒரு பிள்ளை ஐந்து புத்தகத்தையும் வரிசையாகக் கடந்து போவதைக் கூடவே இருந்து பார்க்கிறவர் யாருமில்லை. ஆறாம் வகுப்பு ஆசிரியர் ஆறைப் பார்க்கிறார். பத்தாம் வகுப்பு ஆசிரியர் கேள்வித்தாளைப் பார்க்கிறார்.

*

போன ஜூலை. ஆறாம் வகுப்பில் 'என் குடும்பம்' பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னேன். ஒரு பெண் எழுதியிருந்தாள்: "மை மதர் இஸ் செக்கிங். மை ஃபாதர் இஸ் கட்டிங். மை சித்தி இஸ் பேக்கிங்."

சிவப்புப் பேனாவை எடுத்தேன். திரும்ப மூடி வைத்துவிட்டேன். மூன்றும் இலக்கணப்படி பழுதில்லாத வாக்கியங்கள். எழுவாய் இருக்கிறது, 'இஸ்' இருக்கிறது, வினையோடு 'இங்' இருக்கிறது. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு இந்த மூன்றும் ஒரே வரியில் சேர்ந்து வருவதில்லை. இவளுக்கு வந்திருக்கிறது. ஆனால் அவள் சொல்ல வந்தது வேறு. அம்மா இந்த நிமிஷம் எதையோ சோதித்துக்கொண்டிருக்கிறாள் என்று அவள் சொல்லவில்லை. எங்க அம்மா செக்கிங், எங்க அப்பா கட்டிங் என்கிறாள்.

திருப்பூரில் ஆளைக் கேட்டால் செக்‌ஷனைச் சொல்வார்கள். "உங்கூட்டுக்காரரு என்னங்க?" "பேட்லாக்குங்க." பிளாட்லாக் மெஷின் இந்த ஊர் வாயில் பேட்லாக் ஆகிப் பல காலம் ஆயிற்று. கட்டிங் மாஸ்டர், சிங்கர் டெய்லர், கைமடி, காஜா பட்டன். கைமடி என்பது டெய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீஸை எடுத்துக் கொடுத்து மடித்து அடுக்குகிற வேலை; பெரும்பாலும் பெண்கள்.

அந்தப் பெண்ணின் வாக்கியம் சரியா தப்பா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அதைச் சரி செய்வது எந்த வகுப்பின் வேலை என்பதுதான் இந்த நோட்டு முழுக்க.

*

ஊரில் புழங்கும் 'இங்' வார்த்தைகள், பிள்ளைகள் சொல்லச் சொல்ல எழுதியது: நிட்டிங், டையிங், பிளீச்சிங், காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், செக்கிங், டிரிம்மிங், அயர்னிங், பேக்கிங், லோடிங். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "மிஸ், கட்டிங்னா இன்னொண்ணும் இருக்குது" என்றான். தெரியும் உட்காருடா என்றேன்.

நிகழ்காலத் தொடர்வினையைக் கற்பிக்க உலகத்தில் எந்த ஊருக்கும் இவ்வளவு கைச்சரக்கு கிடைக்காது. நாம் என்ன செய்கிறோம்? "ராமு இஸ் ஈட்டிங் எ மேங்கோ" என்று கரும்பலகையில் எழுதுகிறோம்.

*

காலங்கள் எந்த வகுப்பில் வருகின்றன என்று ஐந்து புத்தகங்களையும் எங்கள் பழைய பாடக்குறிப்பேடுகளையும் விரித்து வைத்துப் பார்த்தேன். ஆறில் வருகிறது. ஏழில் வருகிறது. எட்டு, ஒன்பது, பத்திலும் வருகிறது. எல்லா வருஷமும் முதலிலிருந்துதான் தொடங்குகிறோம். ஜெரோம் புரூனர் 1960இல் எழுதிய 'தி ப்ராசஸ் ஆஃப் எஜுகேஷன்' நூலில் சுருள் பாடத்திட்டம் என்றொரு யோசனை உண்டு. ஒரே விஷயத்துக்கு மறுபடி மறுபடி திரும்பி வரலாம், ஒவ்வொரு முறையும் ஒரு படி மேலே நின்று பார்க்க வேண்டும். பி.எட். படித்த எல்லோரும் இதைப் பரீட்சையில் எழுதியிருப்போம். எங்கள் பள்ளியில் சுருள் செக்குமாடாகிவிட்டது. அதே வட்டம், அதே உயரம்.

செயப்பாட்டு வினை இன்னும் மோசம். எட்டாம் வகுப்பில் ராமனையும் பாம்பையும் இடம் மாற்றிப் போடுகிறார்கள். ராமன் பாம்பைக் கொன்றான், பாம்பு ராமனால் கொல்லப்பட்டது. பத்தாம் வகுப்பிலும் அதே பாம்புதான் சாகிறது.

*

கூடவே லீவு லெட்டர். ஆறிலிருந்து பத்து வரை எல்லாப் பிள்ளைக்கும் ஐந்து வருஷமாகக் காய்ச்சல். "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்." ஒருத்தனாவது அக்கா கல்யாணத்துக்கு லீவு கேட்கட்டும்.

*

பத்தாம் வகுப்புக் கேள்வித்தாளைப் பற்றி எழுதாமல் முடியாது. மொழிப் பாடங்களுக்கு இரண்டு தாள் இருந்தது. 2019இல் ஒரே தாளாக்கினார்கள். நூறு மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. மெல்லக் கற்கும் மாணவருக்கென்று நாங்கள் போடும் கணக்கை அப்படியே எழுதுகிறேன். மனப்பாடச் செய்யுள் 5. கட்டுரைப் பகுதியில் ஆறில் நான்கு எழுதினால் போதும்: படத்தைப் பார்த்து ஐந்து வரி, விளம்பரம், கடிதம், குறிப்பெடுத்தல், ஆக 20. வழிகாட்டும் வரைபடம் 2. இதுவரை 27. ஒரு மதிப்பெண் கேள்வி பதினாலு. கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் ஏழு வரும் என்று வைத்துக்கொள்வோம். 34. இன்னும் ஒன்று வேண்டும். அந்த ஒன்றுக்காக ஜனவரியிலிருந்து மார்ச் வரை மாலைச் சிறப்பு வகுப்பு.

இப்படித் தேறுகிற பிள்ளை உரைநடையில் ஒரு பாடத்தைக்கூட முழுதாக வாசித்திருக்க மாட்டான். வரைபடக் கேள்விக்கு 'கோ ஸ்ட்ரெய்ட், டேர்ன் லெஃப்ட்' என்று எழுதி இரண்டுக்கு இரண்டு வாங்குவான். ரயில்வே ஸ்டேஷன் வாசலில் வெளியூர்க்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் காதர்பேட்டைக்கு வழி கேட்டால் கையைத்தான் நீட்டுவான்.

குறை சொல்லவும் மனசு வரவில்லை. 2024இல் பிளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்திலேயே முதலிடம் திருப்பூர் மாவட்டம், 97.45 சதவீதம். அந்த எண்ணுக்குப் பின்னாலும் இதே மாதிரிக் கணக்கைப் போட்ட நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நானும் போட்டிருக்கிறேன். ஃபெயிலாகிற பெண் பிள்ளை அடுத்த திங்கட்கிழமை கைமடிக்குப் போய்விடுவாள் என்று தெரிந்தபின், பாடத்திட்டத் தத்துவமெல்லாம் பேச வராது. ஆனால் இந்தக் கணக்கு பத்தாம் வகுப்பு ஜனவரிக்கு உரியது. அது மெல்ல மெல்ல இறங்கி ஒன்பதுக்கும் எட்டுக்கும் வந்துவிட்டது. எட்டாம் வகுப்பிலேயே விளம்பரம் எழுதப் பழக்குகிறோம். அதைத்தான் நிறுத்த வேண்டும்.

*

பனியன் கம்பெனியில் இரண்டு வகைச் செக்கிங் உண்டு என்று ஒரு அம்மா சொன்னார். தைக்கும்போதே லைனில் நின்று பார்ப்பது ஒன்று, எல்லாம் முடிந்தபின் ஃபைனல். "ஃபைனல்ல போயி ஓட்டையப் பாத்து என்னங் பண்றது? துணி போச்சு, கூலி போச்சு." இதைப் பள்ளிக்கூடத்துக்குப் பொருத்திச் சொல்ல எனக்கும் ஆசைதான். இந்த ஊரில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் இந்த உவமையைத்தான் சொல்வார்கள், கல்யாணத்துக்கும் அரசியலுக்கும்கூட. பிள்ளைகளைப் பீஸ் என்று எழுத மனமில்லாமல்தான் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. விட்டுவிடுகிறேன்.

*

துணி லேபிள். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளிடம், வீட்டில் கிடக்கும் கேர் லேபிள் ஆளுக்கு ஒன்று கொண்டுவரச் சொன்னேன். திங்கட்கிழமை மேசை நிறைந்துவிட்டது. 'டூ நாட் பிளீச்', 'வாஷ் வித் லைக் கலர்ஸ்', 'அயர்ன் ஆன் ரிவர்ஸ் சைட்', 'டூ நாட் டம்பிள் ட்ரை'. ஒன்றின் பின்பக்கம் ஜெர்மன், இன்னொன்றில் ஸ்பானிஷ். முக்கோணத்தில் குறுக்குக் கோடு போட்டிருந்தால் பிளீச் போடாதே. தொட்டி மாதிரிப் படம் துவைப்பதற்கு. சதுரத்துக்குள் வட்டம் என்னவென்று எனக்கே தெரியவில்லை. உலர்த்தும் மெஷின் என்று ஒரு பையன் சொன்னான். அவன் அண்ணன் லேபிள் பிரிண்டிங்.

எல்லாமே ஏவல் வாக்கியங்கள். வினை முதலில் நிற்கிறது, எழுவாயே இல்லை. தமிழில் வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் அதைத் தூக்கி முன்னால் வைக்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இருக்கும் முதல் பெரிய மேடு இதுதான். லேபிளில் அந்த மேடு பாதியாகக் குறைந்து கிடைக்கிறது. எழுதிக்கொள்கிறேன்: ஆறாம் வகுப்பு, ஆகஸ்ட், லேபிள், நான்கு பீரியட்.

*

வினையின் இடம் பற்றி இன்னொன்று. எங்கள் ஏழாம் வகுப்பில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழ்ப் பீரியடில் அவர்கள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சமூக அறிவியலிலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் மட்டும் கதை வேறு. நம்மூர்ப் பையன் 'ஐ ஸ்கூல் கோ' என்று எழுதுகிறான். ஒடிசாப் பையனும் 'ஐ ஸ்கூல் கோ' என்றே எழுதுகிறான். ஒடியாவிலும் இந்தியிலும் வங்காளத்திலும் தமிழிலும் வினை கடைசியில்தான் நிற்கும். தப்பு ஒன்று என்பதால் மருந்தும் ஒன்று. நாற்பது பேரும் ஒரே கோட்டில் நின்று ஓடத் தொடங்குகிற ஒரே பீரியட் இதுதான். இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினொரு வருஷம் ஆயிற்று.

ஆகவே ஆங்கில வகுப்பில் எல்லாவற்றையும் தமிழில் விளக்கிவிடுகிற என் பழக்கத்தைக் குறைக்க வேண்டும். ஒழிக்க முடியாது, நம்மூர்ப் பிள்ளைக்குத் தமிழ் இல்லாமல் பிடிமானம் இல்லை. படம், செய்கை, பொருள் முதலில். அப்புறம் தமிழ்.

*

ஆறாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் முதல் பாடம் கடலாமைகள். திருப்பூருக்குக் கடல் இல்லை, நொய்யல்தான் உண்டு. அதன் கதை தனி. ஆலிவ் ரிட்லி என்று நான் இரண்டு தரம் சொல்லியும் வகுப்பு அசையவில்லை. வந்து மூன்று வாரமான ஒரு ஒடிசாப் பெண் எழுந்து, சாக்பீஸை வாங்கி, தரையிலேயே வரைந்தாள். கரை. குழி. குழிக்குள் நிறைய வட்டங்கள். கைகளைத் துடுப்பு மாதிரி வைத்து மணலை மூடிக் காட்டினாள். கேந்திரபாடா மாவட்டத்துக்காரி. கஹிர்மாதா கரைக்கு ஆமைகள் கூட்டமாக வந்து முட்டையிடும் ஊர்ப்பக்கம். அந்தப் பீரியடுக்கு அவள்தான் டீச்சர். 'எக்', 'சேண்ட்', 'நைட்', 'மூன்' என்று நான்கே வார்த்தையில் சொல்லி முடித்தாள். எங்கள் பிள்ளைகள் நான்கையும் மறக்கவில்லை.

அவள் ஏழாம் வகுப்புக்கு வருவாளா என்று தெரியாது.

*

வருகையைப் பற்றி. தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் பொங்கல் தாண்டியும் வராமல் இருப்பதுண்டு. ஹோலிக்குப் போய் அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. நம்மூர்ப் பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டால் திருவிழா முடியும்வரை வகுப்பு பாதிதான். சனிக்கிழமை வாரச் சம்பளம், ஞாயிறு கறியும் சந்தையும் சினிமாவும். திங்கட்கிழமை வருகைப் பதிவேடு அதைச் சொல்லும்.

ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் திட்டம் இங்கே நிற்காது. நடுவில் ஒரு செங்கல் போனால் போனதுதான். ஒவ்வொரு பருவத்தின் முதல் இரண்டு வாரமும் வாசல்: புதிதாக வந்தவர், விட்டுப்போய்த் திரும்பியவர் யாரும் நுழையலாம், பழையதை வேறு கதையோடு சொல்லித் தருவது. திங்கட்கிழமை புதுப்பாடம் இல்லை. இதைத் தடிமனாக எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

*

என். எஸ். பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தவர். 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னைப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு சோதனை நடத்தினார். உலகமெங்கும் அதைப் 'பெங்களூர் புராஜெக்ட்' என்று படிக்கிறார்கள். 1987இல் அவர் புத்தகம் வந்தது. அவர் சொன்னது இவ்வளவுதான்: இலக்கணத்தைத் தனியாக நடத்தாதே. பிள்ளைக்கு ஒரு கணக்கைக் கொடு, ஒரு வரைபடத்தைக் கொடு, ரயில் கால அட்டவணையைக் கொடு. விடை கண்டுபிடிப்பதில் அவன் மனம் ஓடட்டும். மொழி கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

முழுக்க நம்புகிறேனா? இல்லை. கொஞ்சம் இலக்கணத்தைக் கையில் கொடுத்தே ஆகவேண்டும் என்பது என் அனுபவம். ஆனால் ரயில் அட்டவணையை ஏழாம் வகுப்பில் செய்து பார்த்தேன். ஆலப்புழை - தன்பாத் எக்ஸ்பிரஸ், திருப்பூரில் நிற்கும் வண்டி. "வென் டஸ் தி ட்ரெயின் ரீச் விஜயவாடா?" ஜார்க்கண்ட் பையனுக்கு அட்டவணையே வேண்டியிருக்கவில்லை. ஈரோடு, சேலம், காட்பாடி, விஜயவாடா, விசாகப்பட்டினம், ரூர்கேலா, ராஞ்சி, பொகாரோ என்று மூச்சுவிடாமல் சொன்னான். கேள்வியை அவன் கேட்கட்டும் என்று இடம் மாற்றினேன். 'டஸ்' போட்டுக் கேட்க அவனுக்கு ஆறு தடவை தப்பியது, ஏழாவது தடவை வந்தது. வகுப்பு முழுக்கத் திருத்தியது. நான் வாயைத் திறக்கவில்லை.

*

மதராஸ் ஸ்நோபால் என்று ஒன்று நடந்தது. ஆரம்ப வகுப்புகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தரும் 27,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். சிலருக்கு முதலில் கொடுத்து, அவர்கள் மற்றவர்களுக்குக் கொடுத்து, உருள உருளப் பந்து பெரிதாகும் என்ற ஏற்பாடு. டி. ஏ. ஸ்மித் என்பவர் 1962இல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். பனியே பார்க்காத ஊரில் பனிப்பந்து. உருள உருளப் பெரிதாகும் பந்து கையிலிருந்து கைக்கு மாறும்போது உருகவும் செய்யும் என்பது எங்கள் ஒருநாள் பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்; காலையில் டீ, மதியம் கையெழுத்து. ஆனாலும் அந்த வழிமுறையில் வந்த என் ஆறாம் வகுப்பு டீச்சர் பேனாவைத் தூக்கிப் பிடித்து 'திஸ் இஸ் எ பென்' என்று சொன்ன உச்சரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. முழுசாக வீண் என்று சொல்ல மாட்டேன்.

*

சொற்கள். மைக்கேல் வெஸ்ட் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர். வங்காளப் பிள்ளைகளுக்குப் பேச்சைவிட வாசிப்புதான் முதலில் தேவை என்று வாதாடினார். 1953இல் சுமார் 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியலை வெளியிட்டார். ஐந்து வருஷத்துக்கு 2,000 என்றால் வருஷத்துக்கு 400. இருநூறு வேலை நாள் என்று வைத்தால் நாளைக்கு இரண்டு. இரண்டே இரண்டு! எங்கள் புத்தகங்களில் ஒரு பாடத்தின் பின்னால் இருபது கடினச் சொல் இருக்கும். பிள்ளை அத்தனையையும் நோட்டில் எழுதும், ஒன்றும் ஒட்டாது.

நாளைக்கு இரண்டு. கரும்பலகையின் வலது மூலையில். வெள்ளிக்கிழமை அழிக்க வேண்டும்.

*

எட்டாம் வகுப்புக்குச் செயப்பாட்டு வினையை ஒதுக்கிவிட்டேன். எட்டில் மட்டும். பாம்பு இல்லை. டீ-ஷர்ட் எப்படி உண்டாகிறது? நூல் பின்னப்படுகிறது, துணி சாயமேற்றப்படுகிறது. தமிழில் இப்படி யாரும் பேசமாட்டோம். 'நிட்டிங் போட்டு, டையிங் போயி, கட்டிங் ஆயி' என்போம். ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினைக்கு உண்மையான வேலை இருக்கும் இடம் இதுதான். யார் செய்தார் என்பது முக்கியமில்லாதபோது. சோதனையாகப் போன வருஷம் செய்தேன். கரும்பலகையில் டையிங்குக்குப் பிறகு கட்டிங் என்று எழுதினேன். மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். "மிஸ், காம்பாக்டிங் உட்டுட்டீங்க. காம்பாக்டிங் பண்ணாம வெட்டுனா தொவச்சதும் சுருங்கிக்கும்." சரி, அதையே ஆங்கிலத்தில் சொல் என்றேன். 'இஃப் இட் இஸ் நாட் காம்பாக்டட், இட் வில் ஷ்ரிங்க்' வரை வர இருபது நிமிஷம் ஆனது. நிபந்தனை வாக்கியம் ஒன்பதாம் வகுப்புச் சரக்கு. அதுவாக வந்துவிட்டது.

*

இங்கே ஒரு எச்சரிக்கை எனக்கு நானே. லேபிள், பேக்கிங், டீ-ஷர்ட் என்று எல்லாவற்றையும் கம்பெனியிலிருந்தே எடுத்தால், பள்ளிக்கூடம் கம்பெனிக்கு நாற்றங்கால் ஆகிவிடும். ஒரு அப்பா நேராகவே கேட்டார்: "ஏனுங் டீச்சர், பையர்கூடப் பேசற அளவுக்கு வந்துட்டாப் போதுமுங்க. இந்தப் பாட்டு, கதையெல்லாம் எதுக்குங்?" பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறவர். அவர் கோபம் புரிகிறது. ஆங்கிலம் தெரியாததால் இடையில் ஒரு ஆளுக்குப் பீஸுக்கு இவ்வளவு என்று அழுகிறவர். பதில் சொல்லத் தெரியாமல் சிரித்து வைத்தேன்.

இப்போது சொல்வேன்: உங்கள் மகன் பேக்கிங் லிஸ்ட் படிக்கட்டும், கதையும் படிக்கட்டும். லிஸ்ட் படிக்க ஒரு வருஷம் போதும். மற்ற நாலு வருஷம் எதற்கு?

*

பழைய மாணவி ஒருத்தி வந்தாள். ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசருக்கு உதவியாளர். நாள் முழுக்க மெயில். பள்ளியில் படித்ததில் எது உதவியது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "எதை எழுதக்கூடாதுங்கறது மிஸ்" என்றாள். 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்று எழுதினால் ஸ்பெயின்காரருக்கு ஒன்றும் விளங்காதாம். எது நீட்ஃபுல் என்று திருப்பிக் கேட்பாராம். இந்த ஊர் ஆங்கிலத்தில் எதிர்முனையில் இருப்பவருக்கும் பாதி நேரம் ஆங்கிலம் இரண்டாம் மொழிதான். குட்டி வாக்கியம், தேதி, எண், நிறம். தப்பு வந்தால் 40,000 பீஸ்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஒன்பதாம் வகுப்பில் 'டாரிஃப்' என்ற சொல்லுக்கு நான் பொருள் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அந்த வாரம் ஆங்கில நாளிதழின் முதல் பக்கத்தை நான்கு பேருக்கு ஒன்றாகக் கொடுத்தேன். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு அமைதியான வகுப்பைப் பார்த்ததில்லை. வீட்டில் ஓவர்டைம் நின்றுபோன பிள்ளைகள். ஒன்பதாம் வகுப்பு: மாதம் ஒரு செய்தி. எழுதிக்கொண்டேன்.

*

பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் கிப்ளிங்கின் 'தி சீக்ரெட் ஆஃப் தி மெஷின்ஸ்' இருக்கிறது. இயந்திரங்களே பேசும் பாட்டு. தங்களைக் கையாள்வதில் தவறினால் மன்னிக்கத் தெரியாது என்று அவை சொல்லும் இடத்தில், ஒரு பெண் தன் அம்மாவின் விரலில் ஊசி ஏறி உடைந்ததைச் சொன்னாள். அந்தக் கவிதைக்கு நோட்ஸ் எழுதவில்லை நான்.

அல்போன்ஸ் தோதேயின் 'தி லாஸ்ட் லெசன்' அதே புத்தகத்தில். 1870-71 போரில் பிரஷ்யா ஜெயித்தபின் அல்சாஸ் பள்ளிகளில் இனி ஜெர்மன்தான் என்று ஆணை வருகிறது. பிரெஞ்சு வாத்தியாரின் கடைசி வகுப்பு. நம் பிள்ளைகள் உடனே இந்தியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள், 1965 போராட்டமெல்லாம் வீட்டில் கேட்டிருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு பையன் இருந்தான், நான்காம் வகுப்பு வரை ஒடியா படித்து இங்கே வந்தவன், இப்போது தமிழ் நன்றாகப் பேசுவான். உன் கடைசி ஒடியா வகுப்பு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "கடைசின்னு தெரியாது மிஸ். லீவுன்னு நெனச்சோம்."

இதை எந்தக் கேள்வித்தாளில் எத்தனை மதிப்பெண்ணுக்குக் கேட்பது?

*

வீட்டுப்பாடம்: இல்லை. காலை எட்டரைக்குப் போகும் அம்மா ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு மேல் வருகிறாள். சோறு வைத்து, தம்பியைக் குளிப்பாட்டி, தண்ணீர் பிடிப்பது இந்தப் பிள்ளைகள்தான். எழுதுவதெல்லாம் வகுப்பிலேயே, என் கண் முன்னால். அதற்காக ஆறு, ஏழு வகுப்புகளில் தினமும் முதல் பதினைந்து நிமிஷம் வாய்விட்டு வாசிப்பு, கடைசிப் பத்து நிமிஷம் மூன்று வாக்கியம். பாடம் முடியாமல் போகும். போகட்டும்.

*

அந்தப் பெண்ணின் வாக்கியம் ஐந்து வருஷத்தில் என்னவாக வேண்டும்?

ஆறில், அம்மா இப்போது செய்வதும் அம்மாவின் வேலையும் வேறு என்று தெரிய வேண்டும்: 'ஷீ இஸ் செக்கிங்' ஒன்று, 'ஷீ ஒர்க்ஸ் இன் செக்கிங்' ஒன்று. ஏழில் நேற்று வர வேண்டும். அம்மா நேற்று எத்தனை பீஸ் பார்த்தாள், ஏன் நேரமாயிற்று. எட்டில் அந்த டீ-ஷர்ட் எப்படி உண்டாயிற்று. ஒன்பதில் அம்மா சொன்னதை அம்மா சொன்னபடியும் தன் வாயாலும் சொல்லத் தெரிய வேண்டும். அயற்கூற்று அங்கே போதும், ஆறிலும் ஏழிலும் வேண்டாம். பத்தில் ஒரு பத்தி. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே விளக்கு வெளிச்சத்தில் ஓட்டை தேடுகிறவளைப் பற்றி, யாரும் எழுதிக் கொடுக்காத பத்து வரி.

பக்கத்தில் பென்சிலில் கணக்கு சார் எழுதியிருக்கிறார்: 'இதுக்கு எத்தனை மார்க் டீச்சர்?'

*

கடைசியாக ஆள். எங்கள் பள்ளிகளில் வழக்கம் என்னவென்றால் அனுபவம் உள்ளவருக்குப் பத்தாம் வகுப்பு, புதிதாக வந்தவருக்கு ஆறு. ரிசல்ட் அங்கேதானே. எனக்கு ஆறாம் வகுப்பு வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். இந்தத் திட்டத்தில் நான் உறுதியாக நம்புகிற ஒரே வரி அதுதான். மற்றதெல்லாம் ஆகஸ்டுக்குள் மாறிவிடும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தாராளமாங் டீச்சர்" என்றார்.

நேற்று கால அட்டவணை ஒட்டினார்கள். 6-ஆ பிரிவு, ஆங்கிலம், என் பெயர். பத்தாம் வகுப்புக்கும் என் பெயர்தான். இன்னொரு ஆங்கில ஆசிரியர் பணியிடம் இன்னும் காலி.